பதினோராவது பொருத்தம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், பனியில உக்காந்திருக்கிற பெரியவங்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி மரபணுப் பரிசோதனையைச் சட்டம் கட்டாயமாக்கணுமா, அவரவர் விருப்பத்துக்கு விடணுமா? விடணும்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின அம்மா ஒண்ணு கேட்டாங்க, நீங்களும் கைதட்டினீங்க. "பத்துப் பொருத்தம் பாக்குறீங்களே, பதினோராவதா ரத்தப் பொருத்தம் பாத்தா என்ன குறைஞ்சு போச்சு? ஜாதகத்தைக் காட்டுற கை ரத்தத்தைக் காட்ட ஏன் நடுங்குது?" ஏன் நடுங்குதுன்னு சொல்றேன்மா.

எங்க அத்தை மக. பூ வைக்கத் தேதி குறிச்சாச்சு. மாப்பிள்ளையோட தாய்மாமா எங்கயோ கேள்விப்பட்டு, "பொண்ணுக்கு ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்"னார். எடுத்தாங்க. ரிப்போர்ட் வந்துச்சு: தலசீமியா மைனர். தலசீமியாங்கிறது பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறு.

கூடத்துல ரெண்டு வீட்டாரும் உக்காந்திருக்காங்க. எங்க அப்பத்தாவுக்குக் காதுல விழுந்தது ஒரே வார்த்தைதான். "மைனரா? யாரு மைனர்? எம் பேத்திக்கு ஆடி வந்தா 27. மூணு தடவை ஓட்டுப் போட்டுட்டா!" தாய்மாமா சொல்றார், "பாட்டி, அது வயசு இல்ல, வியாதி. இன்னிக்கு மைனர். நாளைக்கு மேஜர் ஆச்சுன்னா?" அப்பத்தா விடல. "அதான் மேஜர் ஆயிட்டாளே! ஆனதுனாலதானேய்யா கட்டிக் குடுக்குறோம்!"

நீங்க சிரிக்கிறீங்க. அன்னிக்கு அந்தக் கூடத்துல யாரும் சிரிக்கல. தாம்பூலத் தட்டை எடுத்துக்கிட்டு எழுந்துட்டாங்க.

மைனர் ஒருநாளும் மேஜர் ஆகாதுங்க. ஒரு ஜோடி மரபணுவுல ஒண்ணுல மட்டும் மாற்றம், அவ்வளவுதான். கொஞ்சம் ரத்தம் கம்மியா இருக்கலாம். ஓடலாம், ஆடலாம், பிள்ளை பெத்துக்கலாம். கட்டிக்கிறவருக்கும் அதே மாற்றம் இருந்தாத்தான் யோசிக்கணும். அப்ப ஒவ்வொரு பிரசவத்துலயும் குழந்தைக்கு மேஜர் வர வாய்ப்பு நாலுல ஒண்ணு. அது பெரிய கொடுமை, அந்தப் பிள்ளை வாழ்நாள் பூரா ரத்தம் ஏத்திக்கணும், நான் மறுக்கல. ஆனா வாசல்ல நின்னு எங்க அத்தை கேட்டாங்க, "தம்பிக்கு எடுத்தீங்களா?" வந்த பதில்: "பையனுக்கு எதுக்கு?"

இதையா அம்மா ஜாதகத்தோட சேக்குறீங்க? செவ்வாய் தோஷம் இருந்தா, அதே தோஷம் உள்ள ஜாதகத்தைத் தேடிப் பிடிச்சுச் சேத்துரலாம், நிவர்த்தின்னு சொல்லுவாங்க. இங்க ஒரே தோஷம் ரெண்டு பக்கமும் சேந்தாத்தான் ஆபத்து, மத்த யாரைக் கட்டினாலும் குழந்தைக்கு மேஜர் வராது. தலைகீழ் கணக்கு! அடுத்தது, ஜாதகம் ஒருத்தரோடது. ரத்தம் அப்படியா? அவ ரிப்போர்ட் வந்த அன்னிக்கே அவ தங்கச்சிக்கு வரவேண்டிய ரெண்டு வரன் நின்னு போச்சு. தங்கச்சிகிட்ட யாரும் ஒரு சொட்டு எடுக்கல. யார் சம்மதத்துல அவ ரகசியம் ஊருக்குப் போச்சு? எந்தச் சட்டத்துல இதுக்குப் பதில் இருக்கு?

கட்டாயம்னு இருந்தா பையனுக்கும் எடுத்திருப்பாங்களேன்னு கேப்பீங்க. எடுத்திருப்பாங்க. மைனர்னா என்னன்னு அந்தத் தாய்மாமாவுக்கு யாரு எடுத்துச் சொல்லியிருப்பா? சவுதியில 2004லேயே கட்டாயமாக்கிட்டாங்கன்னீங்க. உண்மைதான். ஆனா முடிவு என்ன வந்தாலும் கட்டிக்கிறதும் விடுறதும் அங்கயும் அந்த ரெண்டு பேர் கையிலதான் இருக்கு.

லைனஸ் பாலிங்னு அமெரிக்க விஞ்ஞானி. ரெண்டு நோபல் பரிசு வாங்கினவர். சிக்கிள் செல் நோய்னு ஒண்ணு, அதுவும் பரம்பரையா வர்ற ரத்த நோய்தான். அது ஹீமோகுளோபின் கோளாறுன்னு 1949ல கண்டு சொன்னவரே அவர்தான். அவர் 1968ல என்ன எழுதினார் தெரியுமா? அந்த மரபணு உள்ள இளவட்டங்க நெத்தியில பச்சை குத்திரணுமாம். பாத்ததும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பாம ஒதுங்கிக்குவாங்களாம். நல்லது நினைச்சுத்தான் சொன்னார். நெத்தியில பச்சை! நம்ம ஊர்ல அதை யாரு நெத்தியில முதல்ல குத்துவாங்க, பொண்ணா பையனான்னு நான் சொல்லணுமா?

அமெரிக்காவுல 2008ல சட்டம் போட்டாங்க, மரபணுவைக் காட்டி வேலையையோ மருத்துவக் காப்பீட்டையோ மறுக்கக் கூடாதுன்னு. இங்க 2018ல டெல்லி உயர் நீதிமன்றம், காப்பீட்டுல மரபணுவை வச்சுப் பாகுபாடு காட்டுறது அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு தீர்ப்புச் சொல்லிச்சு. நம்ம நாட்டுல இதுக்குன்னு தனிச் சட்டம் இன்னும் இல்ல. முதல்ல காப்பாத்துற சட்டத்தைக் கொண்டு வாங்க, கட்டாயப்படுத்துற சட்டத்தை அப்புறம் பேசலாம்.

இன்னும் ஒண்ணு இருக்கு ஐயா, மணி அடிக்காதீங்க.

தட்டு திரும்பிப் போன நாலாம் நாள், எங்க மாமா, அவளைப் பெத்தவர், யார்கிட்டயும் சொல்லாம பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுத்துட்டு வந்தார். வருஷக் கணக்கா "ரத்தம் கம்மி"ன்னு இரும்புச் சத்து மாத்திரை தின்னுக்கிட்டு இருந்த மனுஷன். அவருக்கும் மைனர்.

ராத்திரி வந்தார். அவ பூ வைக்க எடுத்த பட்டுப் புடவையை மடிச்சுக்கிட்டு இருக்கா. பக்கத்துல போய், சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டி, "இது நான் கொடுத்தது தாயி. என்னை மன்னிச்சிரு"ன்னார்.

அவ காகிதத்தை வாங்கல. புடவையோட ரெண்டு முனையை அவர் கையில கொடுத்து, "இதைப் பிடிங்கப்பா, ஒத்தையில மடிக்க வரல"ன்னா.

ரெண்டு பேருமா மடிச்சாங்க.

நன்றி. வணக்கம்.