ஹின்டெரெகர் ஓடிப்போனவர் இல்லை! (ஜெர்சி கதையும் உண்டு)

வணக்கம் மக்களே. வெளிச்சம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரிங் லைட்டை அக்கா பிள்ளைகள் எடுத்து விளையாடினார்கள், அதற்குப் பிறகு அது ஒரு பக்கம் மட்டும்தான் எரிகிறது.

இன்றைக்கு இரண்டு விஷயம். ஒன்று, ஆஸ்திரிய ஃபுட்பால் டிஃபெண்டர் மார்ட்டின் ஹின்டெரெகர் பெயர் போட்ட ஜெர்சி ரெடி. இன்னொன்று, போன வீடியோவுக்குக் கீழே ஒருவர் போட்ட கமெண்ட். "ஹின்டெரெகரா? 29 வயதில் பாதியில் ஓடிப்போனவனை எல்லாம் டிஃபெண்டர் லிஸ்டில் சேர்க்கிறீர்களே" என்று. அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பதில் டைப் செய்ய ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. சரி, வீடியோவாகவே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஜெர்சி. கறுப்பு, முதுகில் நம்பர் 13, ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட் என்ற ஜெர்மன் கிளப்பில் அவர் போட்ட நம்பர். ஒரிஜினல் எல்லாம் இல்லை, நம் பட்ஜெட் உங்களுக்கே தெரியும். பிளெயின் ஜெர்சி 550 ரூபாய். பெயர் அடிக்க ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 40 ரூபாய் என்றார் கடைக்கார அண்ணன். மார்ட்டின் ஹின்டெரெகர், இதில் மார்ட்டினை விட்டுவிடுங்கள், ஹின்டெரெகர் மட்டுமே பதினோரு எழுத்து. 440 ரூபாய்! நம்பருக்கு இரண்டு இலக்கம், தலா 100. ஆக 640. ஜெர்சியை விட அதன் முதுகுக்கு விலை அதிகம். பக்கத்தில் ஒரு பையன் ஹாரி கேன் பெயரை அடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாலே எழுத்து, 160 ரூபாய், சிரித்துக்கொண்டே போய்விட்டான். டிஃபெண்டரை நேசிப்பவனுக்குத்தான் இந்தச் செலவெல்லாம்.

இதோடு முடிந்ததா? இல்லை. அடித்துக் கொடுத்ததில் ஒரு 'ஜி' காணோம். அவர் பெயரில் இரண்டு 'ஜி' வரும். "அண்ணா, ஒன்று குறைகிறதே" என்றால், "முதுகில் போய் யார் தம்பி எண்ணப் போகிறார்கள்?" என்கிறார். பில்லில் மட்டும் பதினொன்று எண்ணியிருக்கிறார்! நான் விடவில்லை. கடைசி மூன்று எழுத்தையும் சூடு காட்டி உரித்து, தள்ளி ஒட்டி, நடுவில் இன்னொரு 'ஜி'யைச் செருகினார். பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். இரண்டாவது 'ஜி' லேசாகச் சாய்ந்திருக்கிறது. கடைசி 'ஆர்' கையிடுக்குப் பக்கம் போய்விட்டது. பழைய பசைக்கறை ஒரு கோடாகத் தெரிகிறது. இருந்தாலும் பதினொன்றும் இருக்கிறது, கூடுதலாகப் பத்துப் பைசா கொடுக்கவில்லை. என் கணக்கில் இது வெற்றி.

சரி, ஆளுக்கு வருவோம்.

ஆஸ்திரியாவின் தெற்கே கரிந்தியா என்று ஒரு மாநிலம். அங்கே மலைக்குள் சிர்னிட்ஸ் என்ற சின்ன ஊர். 1992 செப்டம்பரில் பிறந்தவர், வளர்ந்தது அந்த ஊரில். சின்ன வயதிலேயே ஆஸ்திரிய கிளப்பான ரெட் புல் சால்ஸ்பர்க்கின் அகாடமிக்குப் போய், அங்கேயே சீனியர் டீமுக்கு வந்தார். 2013-14 சீசன் சால்ஸ்பர்க் ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். ரோஜர் ஷ்மிட் கோச். முன்னால் சாடியோ மானே, சோரியானோ, கேம்ப்ல். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கில் அயாக்ஸை ஆம்ஸ்டர்டாமிலேயே 3-0, திரும்ப வீட்டில் 3-1. எல்லோரும் மானேயைத்தான் பார்ப்பார்கள். நான் பின்னால் நிற்கும் ஹின்டெரெகரைப் பார்ப்பேன். அந்த டீம் முழுக்க எதிராளியின் பாதியில் போய் நெருக்கும், பின்னால் மைதானம் பாதி காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்துக்கு ஆள் வேண்டும் இல்லையா?

அவர் டேக்கிள் போடும் விதத்தைச் சொல்கிறேன். நிறைய டிஃபெண்டர்கள் ஸ்ட்ரைக்கர் பந்தை வாங்கித் திரும்பும்வரை காத்திருப்பார்கள், பிறகுதான் பின்வாங்கிப் பின்வாங்கி ஆடுவார்கள். இவர் அப்படி இல்லை. பாஸ் கிளம்பும்போதே இவரும் கிளம்பிவிடுவார். பந்து ஸ்ட்ரைக்கரின் காலுக்கு வரும் நேரத்தில் அவன் முதுகில் இவர் நெஞ்சு இருக்கும், இடது கால் அவன் இரண்டு காலுக்கும் நடுவில் நுழைந்திருக்கும். சரியாக அமைந்தால் பந்து இவரிடம், அதே இடது காலால் குறுக்காக நாற்பது மீட்டர் பாஸ். அமையாவிட்டால் ஃப்ரீ கிக், இரண்டு பேரும் தரையில். நடுவாந்திரம் என்று ஒன்று கிடையாது. எனக்குப் பிடித்ததே அதுதான். பந்தைப் பார்த்துக்கொண்டே பத்தடி பின்னால் நடக்கும் நாசூக்கு டிஃபெண்டர்களை எனக்குப் பிடிக்காது என்று முன்பே சொல்லியிருக்கிறேன், அதற்கு வாங்கிய திட்டும் ஞாபகம் இருக்கிறது.

இதற்கு விலையும் கொடுத்திருக்கிறார். ஐரோப்பிய நாடுகள் மோதும் 2016 யூரோ, பாரிஸ், போர்ச்சுகலுக்கு எதிரான ஆஸ்திரியாவின் ஆட்டம். 79-வது நிமிடம், பாக்ஸுக்குள் ரொனால்டோவைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தார். பெனால்டி. ரொனால்டோ அடித்த பந்து போஸ்ட்டில் பட்டு வெளியே போனது, ஆட்டம் 0-0. உலகமே ரொனால்டோ தவறவிட்டதைப் பேசியது. அந்தப் பெனால்டிக்குக் காரணமான மனிதருக்கு அன்றைக்கு எத்தனை தெய்வம் துணை நின்றதோ!

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். யூரோவுக்கு முன்னால், 2016 தொடக்கத்தில் அரை சீசன் மோன்ஷன்கிளாட்பாக் என்ற ஜெர்மன் கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆடப் போயிருந்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அந்த ஊர் மறுபடி வரும்.

கமெண்ட் போட்ட நண்பரே, இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். ரெட் புல்லுக்கு ஜெர்மனியில் லைப்ஸிக் என்று இன்னொரு டீம் இருக்கிறது. சால்ஸ்பர்க்கில் நன்றாக ஆடுகிறவன் அடுத்து லைப்ஸிக்குக்குப் போவான், அது ராஜபாட்டை. வரிசையாகப் போனார்கள். இவர் மட்டும் மாட்டேன் என்றார். சால்ஸ்பர்க்கை வெறும் நாற்றங்கால் மாதிரி நடத்துகிறார்கள் என்ற கோபம் அவருக்கு. அதை உள்ளுக்குள் வைத்துக்கொள்ளவில்லை, வெளியிலும் சொன்னார். 2016 ஆகஸ்ட்டில் அவுக்ஸ்பர்க் என்ற வேறொரு ஜெர்மன் கிளப்புக்குப் போனார். லைப்ஸிக் அந்த சீசனே ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லிகாவில் இரண்டாம் இடம் பிடித்துச் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. அவுக்ஸ்பர்க் கீழ் டிவிஷனுக்கு விழாமல் தப்பிக்கப் போராடியது. பணமும் பெயரும்தான் வேண்டும் என்றால் எந்தப் பக்கம் போயிருப்பார்?

2019 ஜனவரி. மோன்ஷன்கிளாட்பாக்கிடம் அவுக்ஸ்பர்க் 2-0 தோல்வி. ஆட்டம் முடிந்ததும் கேமரா முன்னால் நின்று, கோச் மானுவல் பாவும் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, கெட்டதாகவும் எதையும் சொல்ல மாட்டேன் என்கிற அர்த்தத்தில் பேசினார். அதற்கு மேல் கெட்டதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கிளப் ஒதுக்கி வைத்தது. சில நாளில் லோனில் ஃபிராங்ஃபர்ட். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். சக ஆட்டக்காரர்கள் அந்தக் கோச்சோடு அடுத்த நாளும் பயிற்சிக்குப் போக வேண்டும் இல்லையா? ஆனால் ஃபிராங்ஃபர்ட்டில் கோச் யார்? ஆடி ஹியுட்டர், சால்ஸ்பர்க்கில் இவரை வைத்து லீகும் கப்பும் ஜெயித்தவர். அங்கே போனதும் தண்ணீரில் விட்ட மீன்.

அந்த வருஷமே யூரோப்பா லீக் அரையிறுதி. இன்டர் மிலானை, பென்ஃபிகாவை எல்லாம் தாண்டி வந்தார்கள். லண்டனில் செல்சியோடு பெனால்டி ஷூட்-அவுட். ஃபிராங்ஃபர்ட் முன்னிலையில் இருக்கிறது, செல்சியின் அஸ்பிலிக்வெட்டா ஏற்கெனவே தவறவிட்டாயிற்று. ஹின்டெரெகர் நடந்து வருகிறார். நேராக அடிக்கிறார். செல்சி கோல்கீப்பர் கெப்பா நகரவே இல்லை, பந்து அவர் காலிடுக்கில் சிக்கி நின்றது. அடுத்து ஃபிராங்ஃபர்ட்டின் பாசியென்சியாவும் தவறவிட, செல்சியின் ஹசார்ட் அடித்து முடித்தார். ஒரு சேவ், அதுவும் காலிடுக்கில்! இன்றைக்கும் அந்தக் கிளிப் வந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவேன்.

லோன் முடிந்து அவுக்ஸ்பர்க்குக்குத் திரும்பியபோது நடந்தது தெரியுமா? ஃபிராங்ஃபர்ட் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்தார்! ட்ரெயினிங் கேம்ப்பில் குடித்துவிட்டுத் தள்ளாடும் வீடியோவும் வெளியே வந்தது. அது அசிங்கம்தான், ரசிகன் என்பதற்காக மழுப்ப மாட்டேன். ஆகஸ்ட்டில் ஒருவழியாக ஃபிராங்ஃபர்ட் அவரை நிரந்தரமாக வாங்கியது. ஹாஃபன்ஹைமுக்கு எதிராக புண்டஸ்லிகா சீசனின் முதல் ஆட்டம், முதல் நிமிடம்கூட முடியவில்லை, கோல்! யார் அடித்தது? நம் ஆள்.

அந்த 2019-20 சீசனில் புண்டஸ்லிகாவில் மட்டும் 8 கோல். டிஃபெண்டர், மக்களே, டிஃபெண்டர்! கார்னர் வந்தால் எல்லோரும் தள்ளிக்கொண்டிருக்கும்போது இவர் தாமதமாக ஓடி வந்து முட்டுவார். என் மனதுக்கு மிக நெருக்கமான ஆட்டம் 2020 மே, ம்யூனிக், பயர்னோடு. கொரோனா காலம், ஸ்டேடியம் காலி, ஆட்டக்காரர்கள் கத்துவது எதிரொலிக்கிறது. பயர்ன் 3-0. இவர் 52-வது நிமிடத்தில் ஒன்று, 55-ல் இன்னொன்று. 3-2! நான் சோஃபா மேல் ஏறி நிற்கிறேன். அப்புறம் பயர்ன் நான்காவது அடித்தது. ஐந்தாவது? அதையும் இவரே அடித்தார், சேம் சைடு கோல். ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று கோல். 5-2 தோற்ற ஆட்டத்தில் ஸ்கோர்போர்டில் அதிகம் தெரிந்த பெயர் அவருடையதுதான். இந்த மனிதரைப் புரிந்துகொள்ள அந்த ஒரு ஆட்டம் போதும்.

அதற்கு முந்தின நவம்பரில் அதே பயர்னை 5-1 என்று துவைத்ததிலும் இவர் கோல் ஒன்று உண்டு. வரிசை மாறிவிட்டது, விடுங்கள்.

ஃபிராங்ஃபர்ட் ரசிகர்கள் தங்களை 'ஹின்டி ஆர்மி' என்று சொல்லிப் பாட ஆரம்பித்தார்கள். இந்தி மொழியோடு சம்பந்தம் இல்லை, அவர் செல்லப்பெயர் ஹின்டி. ஹெலிகாப்டர் ஓட்ட லைசென்ஸ் எடுத்தார். 2021 யூரோவில் வெம்ப்ளியில் இத்தாலியை எக்ஸ்ட்ரா டைம் வரை இழுத்த ஆஸ்திரியா டீமில் அலபா, டிராகோவிச்சோடு இவரும் பின்வரிசையில் நின்றார்.

2022. ஃபிராங்ஃபர்ட்டில் இப்போது கிளாஸ்னர் கோச், அவரும் ஆஸ்திரியர்தான். யூரோப்பா லீக்கில் பார்சிலோனாவை அதன் சொந்த மைதானத்தில் 3-2 என்று ஜெயித்த இரவு, மூன்று டிஃபெண்டரில் நடுவில் இவர். அடுத்து அரையிறுதி, வெஸ்ட் ஹாம், இரண்டாவது ஆட்டம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். செவியாவில் ஃபைனல், ரேஞ்சர்ஸ், 1-1, பெனால்டியில் 5-4, கப் ஃபிராங்ஃபர்ட்டுக்கு. அவர் ஆடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் செல்சியிடம் பெனால்டி விட்டவர், கப் வந்த இரவில் வெளியே.

அந்த ஜூனில் சொந்த ஊரில் 'ஹின்டி கப்' என்று ஒரு டோர்னமென்ட் நடத்தினார். அதில் கூட்டாளியாக இருந்தவருக்குத் தீவிர வலதுசாரிப் பின்னணி இருப்பது வெளியே வந்து பெரிய பிரச்சினை ஆனது. தனக்குத் தெரியாது, உறவை முறித்துக்கொண்டேன் என்றார். யாரோடு கைகோர்க்கிறோம் என்று விசாரிக்க வேண்டாமா? அதில் எனக்கு வருத்தம்தான். அதே மாதம் 23-ம் தேதி ஓய்வு அறிவிப்பு. ஒப்பந்தம் 2024 வரை இருந்தது. முந்தின இலையுதிர்காலத்திலேயே அந்த நினைப்பு வந்துவிட்டதாகச் சொன்னார். 'ஓடிப்போனவன்' என்று கமெண்ட்டில் வந்ததற்கு, இந்தப் பிரச்சினைக்குப் பயந்து ஓடினார் என்றுதானே அர்த்தம்? லைப்ஸிக்குக்கு மாட்டேன் என்றபோது பயமா? மீதி இரண்டு வருஷச் சம்பளத்தை வேண்டாம் என்றதும் அதே குணம்தான். ஓய்வுக்குப் பிறகு சிர்னிட்ஸ் ஊர் டீமில் போய் ஆடினார். ஓடுகிறவன் ஊருக்கு நடுவில் நின்று பந்து விளையாடுவானா?

போகடெட்ஸைப் பற்றிக் கேட்டவர்கள், மறக்கவில்லை. மிடில்ஸ்பரோவில் 'மேட் டாக்' என்று பெயர் வாங்கியவர், 2008-ல் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் போசெபோன் காலில் போட்ட டேக்கிளுக்கு ரெட் கார்டு, அவர்கள் கோச் ஃபெர்குசன் கொதித்தது, எல்லாம் அடுத்த வீடியோவில். அவரும் ஆஸ்திரியர், அவரும் இடது காலர், ஆனால் அது வேறு ரகம். கமெண்ட் போட்ட நண்பர் பதில் சொன்னால் முதலில் பின் செய்கிறேன். கேமரா பேட்டரி சிவப்பில் மின்னுகிறது, வைக்கிறேன்.