கட்சிக்காரரை எண்ணி எழுதும் உறுதிமொழி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் கற்றறிந்த நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

வேறொரு சட்ட நிறுவனம் பங்குதாரராகச் சேரும்படி அழைத்தால் போவதே நன்றா, இருப்பதே நன்றா என்பது இன்றைய தலைப்பு. இருப்பதே நன்று என்று வழக்காட வந்திருக்கிறேன். வருமானம் கூடும், தேங்கிக் கிடந்த வழக்கறிஞருக்குப் புது மதிப்பு வரும், பெரிய வழக்குகள் கைக்கு எட்டும் என்று எதிரணித் தலைவர் சொன்னார். அவற்றை நான் மறுக்க வரவில்லை. அவற்றுக்கு விலையாக எது கேட்கப்படுகிறது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதைத்தான் இந்த அவையில் வைக்க விரும்புகிறேன்.

அழைக்கும் நிறுவனம் பேச்சு முற்றியதும் ஒரு வினாப்படிவத்தை நீட்டும். கடந்த சில ஆண்டுகளில் எவ்வளவுக்குப் பில் போட்டீர்கள், அதில் எவ்வளவு வசூலானது, எந்தெந்தக் கட்சிக்காரர்கள் உங்களுடன் வருவார்கள், அவர்களால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று அது கேட்கும். லாபத்தில் உங்கள் பங்கு பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்விக்கு நேராக நீங்கள் எழுதும் எண்ணைப் பொறுத்தே அமைகிறது. நடுவர் அவர்களே, அந்த எண்ணை எழுத வழக்கறிஞருக்கு என்ன உரிமை இருக்கிறது? கட்சிக்காரர் அவருக்கும் சொத்து அல்லர், அவருடைய நிறுவனத்துக்கும் சொத்து அல்லர். தமக்காக யார் வாதாட வேண்டும் என்பதைக் கட்சிக்காரர்தாம் முடிவு செய்கிறார். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே, அவர் வருவார் என்று இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்தாகிவிடுகிறது.

முன்கூட்டியே அவரைக் கேட்டு வைத்துக்கொள்ளலாமே என்றால், அங்கேயும் பள்ளம் இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1989-இல் அளித்த தீர்ப்பு ஒன்று இதற்குச் சான்று. தனி நிறுவனம் தொடங்கத் திட்டமிட்டிருந்த பங்குதாரர்கள், விலகப் போகிறீர்களா என்று சக பங்குதாரர்கள் கேட்டபோது இல்லை என்று மறுத்தார்கள். பிறகு, யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கட்சிக்காரர்கள் நியாயமாக முடிவெடுக்க இடம் தராத கடிதங்களை அவசரமாக அனுப்பி ஒப்புதல் வாங்கினார்கள். விலகுவதற்கு ஏற்பாடு செய்துகொள்வது தவறில்லை என்று சொன்ன அதே நீதிமன்றம், இந்த மறைப்பும் அவசரமும் கூட்டாளிகளுக்குச் செய்த நம்பிக்கைத் துரோகம் என்றது. விலகிய பின் பழைய நிறுவனத்துக்குப் போட்டியாக வேலை செய்யக் கூடாது என்னும் போட்டித் தடை ஒப்பந்தங்களைப் பற்றியும் எதிரணி சற்று எளிதாகப் பேசிவிட்டது. அமெரிக்க வழக்கறிஞர் நெறிகள் அத்தகைய தடைகளைப் பொதுவாக ஏற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால், விலகிய பங்குதாரர் ஐந்தாண்டுகளுக்கு நிறுவனத்தின் கட்சிக்காரர்களுக்கு வேலை செய்யக் கூடாது என்று ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தம் விதித்த தடையை, அன்றைய ஹாங்காங்குக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1984-இல் செல்லும் என்றே கூறியது.

இனி, வருவதற்கு மனமிருக்கும் கட்சிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய எதிர்த்தரப்புக்காகப் புது நிறுவனம் ஏற்கெனவே வாதாடிக்கொண்டிருக்கலாம். அப்போது இரு தரப்பும் இசையாத வரை அவர் உள்ளே வர முடியாது. அவரது பிணைப்பு உங்களோடு மட்டும்தானா என்பதையும் பார்க்க வேண்டும். இரவில் தொலைபேசியை எடுக்கும் இளம் வழக்கறிஞர், பத்து ஆண்டுக் கோப்புகளை நினைவில் வைத்திருக்கும் உதவியாளர், அடுத்த அறையில் இருக்கும் வரி நிபுணர் ஆகியோரையும் சேர்த்துத்தான் அவர் உங்கள் பெயரைச் சொல்லி வந்தார். நீங்கள் தனியாகக் கிளம்பும்போது அவர்கள் எல்லாரும் பழைய இடத்திலேயே இருப்பார்கள். பல ஆண்டு உழைப்பில் உருவான அந்தக் கூட்டத்தைத் தமது தனித் திறமை என்று எண்ணிக்கொள்வதுதான், என் கணிப்பில், திறமையான வழக்கறிஞர்களும் செய்கிற பெரிய தவறு.

பணத்தின் ஓட்டமும் இதே கதைதான். செய்து முடித்தும் பில் போடாத வேலை, பில் போட்டும் வசூலாகாத தொகை ஆகிய இரண்டும் பொதுவாகப் பழைய நிறுவனத்தின் கணக்கில் தங்கிவிடும். புது இடத்தில் கோப்புத் திறந்து, வேலை பார்த்து, பில் அனுப்பி, காசு கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் முழு உரிமைப் பங்குதாரர், அதாவது நிறுவனத்தின் உரிமையிலேயே பங்கு பெறுபவர், தம் பங்குக்கு மூலதனம் கட்ட வேண்டும். பலர் அதை வங்கிக் கடனாக வாங்கித்தான் கட்டுகிறார்கள்.

முதல் சில ஆண்டுகளுக்கு, லாபம் எப்படியிருந்தாலும் இவ்வளவு தருவோம் என்று உறுதித்தொகை தருகிறார்களே, பிறகு என்ன அச்சம் என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். அந்த உறுதி யாருடைய பணம் என்பதுதான் என் பதில் கேள்வி. நியூயார்க்கின் டூயி அண்டு லெபஃப் நிறுவனம் 2007-இல் இரண்டு பழம்பெரும் நிறுவனங்கள் இணைந்து பிறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் அதில் இருந்தார்கள். வெளியிலிருந்து அழைத்து வந்தவர்கள் உள்ளிட்ட பல பங்குதாரர்களுக்கு அது உறுதித்தொகைகளை எழுதிக் கொடுத்திருந்தது. லாபம் அந்த எண்களுக்கு ஈடு கொடுக்காமல் போக, பங்குதாரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2012 மே மாதம் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. உறுதி வாங்கியவர்களுக்கு உறுதி கிடைக்கவில்லை என்பதோடு அது முடியவில்லை. 400-க்கும் மேற்பட்ட முன்னாள் பங்குதாரர்கள், தாங்கள் ஏற்கெனவே பெற்ற பணத்திலிருந்து ஏறத்தாழ 7 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

தன் நிறுவனம் தன்னை நேர்மையற்ற வேலைக்கு வற்புறுத்துகிறது என்றால் அந்த வழக்கறிஞர் நாளையே வெளியேறட்டும். அவரைத் தடுக்க நான் இங்கே நிற்கவில்லை. தேக்கம் என்று சொல்லப்படுவது வேறு. எந்தத் துறையில் வளர வேண்டும், லாபப் பங்கு ஏன் உயரவில்லை என்பதைச் சொந்த நிறுவனத்தின் கூட்டத்தில் ஒரு முறையேனும் வாய்விட்டுக் கேட்காமல், வெளியிலிருந்து வந்த அழைப்பையே விடையாக எடுத்துக்கொள்கிறவர்களை எண்ணித்தான் நான் பேசுகிறேன்.

எதிரணியின் நிறைவுப் பேச்சாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். அந்தப் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு நேராக அவர் எந்த எண்ணை எழுதுவார், அதை எந்தக் கட்சிக்காரரின் ஒப்புதலோடு எழுதுவார்? அதற்கு அவர் சொல்லும் விடையைக் கேட்ட பிறகு, நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.