வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு

அவைத்தலைவர் அவர்களே, அருங்காட்சியகங்களில் பணிபுரியும் நண்பர்களே, வணக்கம்.

1899இல் மறைந்த ஹென்றி வாகன் என்ற லண்டன் சேகரிப்பாளர், ஓவியர் டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்களை எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கு உயில் எழுதி வைத்தபோது, அவற்றை ஆண்டுதோறும் ஜனவரியில் மட்டுமே காட்சிக்கு வைக்க வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அவ்வூரில் வெயில் மிகவும் தணிந்திருக்கும் பருவம் அது. பகலே ஏழெட்டு மணி நேரம்தான். மின்விளக்கும் ஒளிமானியும் வந்த பிறகும் அந்த ஜனவரி வழக்கம் தொடர்கிறது. ஓவியங்களும் வண்ணம் வாடாமல் இருக்கின்றன. வாகன் ஒளியைக் குறைத்ததோடு நிற்கவில்லை, ஒளி படும் காலத்தையும் குறைத்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நம்மில் பலர் ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் அளவை மட்டும் பார்க்கிறோம், மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. துணி, தாள், நீர்வண்ணம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வரம்பு. அந்த வெளிச்சத்தில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஒரு துணி காட்சியில் இருந்தால், அது வாங்கும் மொத்த ஒளி 1,20,000 லக்ஸ் மணி. உச்சி வெயிலோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். திரை விலகி அதே துணியின்மேல் 72 நிமிடம் வெயில் நேராக விழுந்தால், ஓராண்டுக்கான ஒளி அன்றைக்கே செலவாகிவிடும். வெயிலோடு வரும் புற ஊதாக் கதிரும் வெப்பமும் செய்யும் கேடு இந்தக் கணக்கில் சேரவில்லை. போன சாயத்தை எந்தச் செப்பனிடுதலும் மீட்டுத் தராது.

சன்னலில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்பாரும் உண்டு. ஒட்ட வேண்டியதுதான், ஆனால் சாயத்தை வெளிற வைக்கக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும்.

வெளிறுதல் எல்லா வண்ணத்திலும் ஒரே சீராக நடப்பதில்லை என்பதால், இழப்பு நடந்திருப்பதே பார்ப்பவருக்குப் புலப்படாமல் போகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சீட்டித் துணிகள் பலவற்றில், பூக்கள் சிவப்பாகவே இருக்க, இலைகள் மட்டும் நீலமாகத் தெரியும். வரைந்தவர் நீல இலையைக் கற்பனை செய்யவில்லை. அவுரி நீலத்தின்மேல் மஞ்சள் சாயம் தீட்டித்தான் பச்சையை வரவழைத்தார்கள். சாயவேரின் சிவப்பும் அவுரியும் தாக்குப்பிடிக்க, ஒளியிலும் சலவையிலும் மஞ்சள் முந்திக்கொண்டு போய்விட்டது. வான்கோ 1888இல் தீட்டிய படுக்கையறை ஓவியத்தின் ஊதாச் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிவதற்கும், கலவையிலிருந்த சிவப்பு மங்கியதே காரணம்.

ஒளியை அளக்கும் கருவி வாங்கப் பணமில்லை என்ற குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீலக் கம்பளிச் சோதனை அட்டைக்கு அதிகம் செலவாகாது. எட்டு வகை நீலச் சாயம் ஏற்றிய கம்பளித் துண்டுகள் அதில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். முதல் துண்டு விரைவில் வெளிறும், அடுத்தடுத்தவை ஏறத்தாழ இருமடங்கு நேரம் தாங்கும். பாதியைக் கறுப்பு அட்டையால் மூடிக் காட்சிப் பெட்டிக்குள் பொருளின் அருகிலேயே வைத்து, சில மாதம் கழித்து மூடியதைத் திறந்து ஒப்பிட்டால், அந்த இடத்தின் ஒளி என்ன செய்கிறது என்பது நிருவாகிக்கும் கண்கூடாகத் தெரியும். திரை வாங்கக் கோப்பு எழுதும்போது என் அறிக்கையைவிட அந்த அட்டையே அதிகம் பயன்படும்.

கற்சிலைக்கும் செப்புத் திருமேனிக்கும் ஒளியால் இந்தச் சாயக் கவலை இல்லை. சன்னலோரத்தை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு, துணியையும் ஓவியத்தையும் உட்சுவருக்கு மாற்றலாம். ஒரே துணியை ஆண்டு முழுதும் தொங்கவிடாமல், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து இருட்டறையில் வைத்து, வேறொன்றைக் காட்டலாம். மாற்றிவைக்க வேறு பொருள் இல்லாத சிறு அருங்காட்சியகங்கள், கிடைமட்டப் பெட்டிகளின்மேல் கனத்த துணி மூடி தைத்துப் போட்டு, பார்க்க வருபவரே தூக்கிப் பார்த்துவிட்டு மூடும்படி செய்யலாம். பார்வையாளர் இல்லாத நேரத்துக்கான ஒளி முழுவதும் அதனால் மிச்சமாகும்.