பழைய பானையை அரைச்சு புதுப் பானை

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு நான் பேசப்போறது அமெரிக்காவுல நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் இருக்கிற பியூப்ளோங்கிற பூர்வகுடி மக்களோட பானைங்களைப் பத்தி. சக்கரம் கிடையாதுங்க. பொம்பளைங்களே மண்ணை வெட்டிட்டு வந்து, காயவச்சு, சலிச்சு, பிசைஞ்சு, கயிறா திரிச்சு ஒண்ணு மேல ஒண்ணா சுத்திவச்சு, காஞ்ச சுரைக்குடுக்கைத் துண்டால வழிச்சு வழிச்சே பானையாக்கிடுவாங்க. அக்கோமாங்கிற பியூப்ளோ ஊர்ல உடைஞ்ச பழைய பானைத் துண்டுங்களை அரைச்சு புது மண்ணுல கலப்பாங்க, சுடும்போது விரிசல் விடக்கூடாதுன்னு. பாட்டி பானை பேத்தி பானைக்குள்ள போயிடுது பாருங்க, எனக்கு இதுல ரொம்பப் புடிச்சதே இதுதான்.

பாரம்பரியம்னா முன்னாடி இருந்ததை அப்படியே காப்பி எடுக்கிறதுன்னு நெனைக்கிறோம்ல, அங்க அப்படி இல்ல. பியூப்ளோ மக்கள்ல ஒரு பிரிவான ஹோப்பிங்களோட மேட்டுநிலத்துல, ஹானோங்கிற ஊர்ல நம்பேயோன்னு ஒரு அம்மா பானை செஞ்சாங்க. பக்கத்துல சிக்யாட்கின்னு ஒரு பாழடைஞ்ச ஊரு, அங்க கிடந்த நூத்துக்கணக்கான வருஷத்துக்கு முந்தின ஓடுங்களைப் பாத்து, அந்த டிசைனை உள்வாங்கி தன்னோட கையில புதுசா கொண்டுவந்தாங்க. பின்னாடி கண் பார்வை போச்சு. அப்பவும் விடல, கையால தடவித் தடவியே பானை செஞ்சாங்க, குடும்பத்துல இருந்தவங்க அதுல வரைஞ்சு குடுத்தாங்க. 1942ல இறந்துட்டாங்க, ஆனா மகளுங்க, பேத்திங்க, கொள்ளுப்பேத்திங்கன்னு வேலை தொடர்ந்துச்சு.

அப்புறம் சான் இல்டிஃபோன்சோ ஊர் மரியா மார்ட்டினெஸ். 1919 வாக்குல இவங்களும் கணவர் ஜூலியனும் சேர்ந்து கறுப்பு மேல கறுப்புன்னு ஒரு வகையைக் கொண்டுவந்தாங்க. பானையோட மண் செவப்புதான். மேல செம்மண் குழம்பு பூசி, வழவழப்பான கூழாங்கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு பளபளப்பாக்கணும், அந்தக் கல்லு அம்மாகிட்டருந்து மகளுக்கு வர்ற சொத்து, தொலைஞ்சா கடையில வாங்க முடியாது. பளபளப்பு மேல ஜூலியன் மண்கரைசல்ல வரைவாரு, அந்த இடம் மட்டும் மங்கலா நிக்கும். சுடும்போது சரியான நேரத்துல பொடி சாணத்தைக் கொட்டி நெருப்பை மூடிடுவாங்க, காத்து உள்ள போகாது, புகை ஏறி செவப்பு அப்படியே கறுப்பாயிடும். அந்த நேரத்தைக் கணிக்கிறது பக்கத்துல நின்னு பாத்து பாத்து வர்ற பழக்கம்தான்.

மரியா பேர் இருந்தா பானைக்கு நல்ல விலை. அதனால ஊர்ல மத்தவங்க செஞ்ச பானையிலயும் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க. சேகரிக்கிறவங்களுக்கு இது பெரிய தலைவலி, எனக்கு மரியா மேல மரியாதைதான் கூடுது, தனக்கு வந்த பேரை ஊரோட பங்கு போட்டவங்க எத்தனை பேரு சொல்லுங்க. 1943ல ஜூலியன் இறந்தப்புறம் வரையிற வேலைக்கு மருமக சான்டானா வந்தாங்க. அந்தப் பானைங்களைத் திருப்பிப் பாத்தா அடியில மாமியார், மருமக ரெண்டு பேர் பேரும் சேர்ந்து இருக்கும்.