கூலி என்றால் என்ன, தாத்தா?

(தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில், நம் முன்னோர் கப்பலில் வந்திறங்கிய நவம்பர் 16 நினைவு விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, அறங்காவலர் பெருமக்களே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் மகளிர் அணியினரே, எல்லோருக்கும் வணக்கம். அம்மையார் நம் மண்டபத்துக்கு வருவது இது மூன்றாவது தடவை. கைதட்டலாம்.

பிள்ளைகளிடம் இனத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? வீடு, பள்ளிக்கூடம், சட்டம் என்று மூன்று விஷயம் சொல்கிறேன். தவளை தன் வாயால் கெடும் என்பார் என் ஆயா. அதனால் முதலில் வீடு.

போன வருஷம் என் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "கூலி என்றால் என்ன தாத்தா?" என்றான். கூடப் படிக்கும் ஜூலுப் பையன் அப்படித் திட்டினானாம். எனக்கு ரத்தம் கொதித்தது. தலைமையாசிரியரைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டேன். "நானும் சும்மா விடவில்லை தாத்தா" என்று அவன் பதிலுக்குச் சொன்ன, கறுப்பர்களை இழிவாகத் திட்டும் வார்த்தையைச் சத்தமாகவே சொன்னான். அதை இந்த மேடையில் சொல்ல மாட்டேன்; உங்களுக்கே தெரியும். சமையலறையில் எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். (நம் மாமா இல்லை, ஜூலுவில் மாமா என்றால் அம்மா.) அவர் கை அப்படியே நின்றது. குழாய் மட்டும் ஓடியது.

"எங்கேடா கற்றாய்?" என்றேன். "நீங்கள்தானே தாத்தா, ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) டாக்சி குறுக்கே வந்தால் சொல்வீர்கள்?"

யார் தவளை, சொல்லுங்கள்!

மாமாவிடம் முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேரன் கேட்டான். அப்புறம் அவனை உட்காரவைத்து, கூலி நம்முடைய சொல், உழைப்புக்குக் கிடைக்கும் சம்பளம் என்றேன். "மெய்வருத்தக் கூலி தரும்" என்று வள்ளுவரே எழுதியிருக்கிறார். 1860-இல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ட்ரூரோ கப்பலில் இங்கே வந்தவர்களுக்கு மாதம் 10 ஷில்லிங் கூலி. அந்தச் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் வசவாக்கினான். இது தெரிந்த பிள்ளை கூனிக் குறுகாது, பதிலுக்கு இன்னொருவரைக் குறுக்கவும் செய்யாது.

எங்கே தெரிந்துகொள்வது? நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்தான்! பின்னறையில் 11 பிள்ளைகள், இரண்டே மேசை, மழை வந்தால் ஒழுகும் கூரை. அம்மையார் காதில் விழட்டும். கல்யாண மேளத்துக்குக் கொடுக்கிறோம், வாத்தியாருக்குப் பெட்ரோல் காசு கொடுக்க யோசிக்கிறோம்.

சரி, தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். 2000-இல் வந்த சமத்துவச் சட்டத்தை இன்னொரு நாள் பார்ப்போம். இதற்கு மேல் பேசினால் நானே தவளை ஆகிவிடுவேன். தமிழ் வகுப்புக்குப் பெயர் எழுத நோட்டு வாசலில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.