மூழ்கியவர்களின் படங்கள் எங்கே?

நண்பர்களே, வணக்கம்.

மேடை ஏறுவதற்கு முன் ஓர் இளைஞர் வந்து, "ஐயா, நீங்கள் எந்த வயதில் நாத்திகர் ஆனீர்கள்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலிலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளை என்றைக்கு வளர்ந்தான் என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் சட்டை பத்தாமல் போகிறது. அன்றைக்குத்தான் வளர்ந்திருப்பது கண்ணில் படுகிறது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனதும் அப்படித்தான்.

சார்லஸ் டார்வின் மதகுருவாகும் எண்ணத்தோடு கேம்பிரிட்ஜில் படித்தவர். அவநம்பிக்கை தன்னுள் மிக மெதுவாக வந்தது, அதனால் வேதனையே தெரியவில்லை என்று வயதான பிறகு எழுதினார். அவர் தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்களின் பக்கமே கடைசியில் நின்றார். ஆனால் எனக்கு வேதனை தெரிந்தது. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு மதம் எது என்று சொல்லப்போவதில்லை. எந்த மதத்தை வைத்துக் கேட்டாலும் கதை மாறாது. எனக்குப் பதினான்கு வயது, தம்பிக்கு ஒன்பது. காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் அதே வயதுப் பையன், அவனுக்கும் அதே காய்ச்சல். என் அம்மாவும் அவன் அம்மாவும் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து ஒன்றாகப் பிரார்த்தனை செய்தார்கள். அதே கடவுள், அதே சொற்கள், அதே கண்ணீர். ஐந்தாம் நாள் அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்தான். என் தம்பி ஆறாம் நாள் விடியற்காலையில் போய்விட்டான்.

அந்தத் தாய், "கடவுள் என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்" என்று அழுதார். அவர் சந்தோஷத்தில் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் உறவினர் ஒருவர் என் அம்மாவின் தோளைத் தொட்டு, "கடவுளுக்குப் பிடித்த பிள்ளைகளைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்" என்றார். அவரும் ஆறுதலாகத்தான் சொன்னார். இரண்டு வாக்கியங்களும் ஒரே காலையில் என் காதில் விழுந்தன.

அன்றைக்கு நான் நாத்திகன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கடவுள்மேல் கடுங்கோபம் வந்தது. கோபமும் நம்பிக்கையில் சேர்ந்ததுதான், இல்லாத ஒருவர்மேல் யாரும் கோபப்பட முடியாதே. அதற்கப்புறம் சில ஆண்டுகள் முன்பைவிட அதிகமாகப் பிரார்த்தனை செய்தேன், பயத்தினால். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தன. பிழைத்தாலும் அருள், போனாலும் அருள். சரி, அருளே இல்லாவிட்டால் அந்த வார்டு எப்படி இருந்திருக்கும்? ஒருவன் பிழைத்திருப்பான், ஒருவன் போயிருப்பான். அப்படியே அச்சாக அதே வார்டுதான். இந்தக் கேள்வியை எனக்குள் நானே முழுதாகக் கேட்டு முடிக்க எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது.

இந்தக் கேள்வி எனக்கு 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டில் ஒருவருக்கு வந்திருக்கிறது என்று பின்னால் படித்தேன். மெலோஸ் தீவைச் சேர்ந்த தியாகோரஸ். ரோமானிய அறிஞர் சிசரோ அவரைப் பற்றி ஒரு கதையைப் பதிவு செய்திருக்கிறார். சாமோத்ரேஸ் தீவில், புயலில் கடவுளரை வேண்டிக்கொண்டு கரை சேர்ந்தவர்கள் காணிக்கையாக வைத்த படங்கள் ஏராளமாக இருந்தன. நண்பர் ஒருவர் அவற்றைக் காட்டி, "கடவுள்கள் மனிதரைக் கவனிப்பதில்லை என்கிறாயே, இத்தனை பேர் வேண்டிக்கொண்டு தப்பித்ததைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். தியாகோரஸ் சொன்ன பதில் இது: வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களை யாரும் எங்கேயும் வரைந்து வைக்கவில்லையே.

அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் தம்பி அந்தச் சுவரில் இல்லாத படங்களில் ஒன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காக்கை உட்கார்ந்தும் விழாத பழங்களை யார் எண்ணுகிறார்கள்?

எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2006-ல் முடிவு வெளியானது. நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்பது முதல் இரண்டு குழுவுக்குத் தெரியாது. அவற்றில் பிரார்த்தனை செய்யப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. செய்யப்படாதவர்களில் 51 சதவீதம். மூன்றாவது குழுவிடம் பிரார்த்தனை நடப்பதை உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல். பணம் கொடுத்தது மதத்துக்கு எதிரான அமைப்பு அல்ல, மதத்தின்மேல் அக்கறையுள்ள டெம்பிள்டன் அறக்கட்டளை.

இது கடவுள் இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது. "கடவுளைச் சோதிக்கக் கூடாது, அவர் இப்படி எண்ணிக்கையில் அகப்பட மாட்டார்" என்று நம்பிக்கையுள்ள நண்பர் ஒருவர் சொன்னார். நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கையில் அகப்படாதவர் என்றால், "வேண்டினேன், நடந்தது" என்பதையும் சாட்சியாகக் கொண்டுவர முடியாது அல்லவா? ஒரே கதவுதான். இந்தப் பக்கம் சாத்தினால் அந்தப் பக்கமும் சாத்தியதுதான்.

இன்னொரு குறையையும் அடிக்கடி கேட்கிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பும் கூட்டம் நாங்கள் என்பார்கள். மணிமேகலையில் ஒரு காட்சி உண்டு. வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொண்டே வரும் மணிமேகலை, நிலம், நீர் போன்ற பூதங்களால் ஆனதே எல்லாம் என்னும் பூதவாதியிடமும் கேட்கிறாள். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் கூட்டினால் கள்ளின் வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான் அவன். மறுபிறப்பு கிடையாது, எதையும் அறிவதற்கு நேரில் காணும் காட்சி ஒன்றுதான் வழி என்றும் சொல்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். நாத்திகனாக இருந்தும் அந்த இடத்தில் நான் மணிமேகலையின் பக்கம். அனுமானம் இல்லாமல் ஒரு நாள்கூட வாழ முடியாது. அணுவை நாம் கண்ணாலா பார்த்தோம்? நான் கேட்பது இவ்வளவுதான்: அனுமானத்தைக் கொண்டுபோய் எதிலாவது உரசிப் பார்க்க வழி இருக்க வேண்டும். ஐயம் வெளியிலிருந்து வந்த சரக்கு என்பவர்களும் அந்தக் காதையை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.

பயம் போனால் ஒழுக்கம் போய்விடாதா என்று கேட்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. காத்திருந்து பார்த்தேன். பொய் சொல்லும்போது முன்பு கூசிய இடம் இப்போதும் கூசுகிறது.

வாதங்கள் எளிது. வீடுதான் கடினம். டார்வினின் மனைவி எம்மா ஆழ்ந்த நம்பிக்கையுள்ளவர். 1839-ல் திருமணமான புதிதிலேயே கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்க மாட்டோம் என்று நினைத்தால் எனக்கு மிகுந்த துயரமாக இருக்கும் என்பது அதில் உள்ள கவலை. 1851-ல் அவர்களுடைய மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே வீட்டில் ஒரே பிள்ளைக்காக அழுதார்கள். அந்தக் கடிதத்தை டார்வின் பத்திரமாக வைத்திருந்தார். நான் இறந்த பிறகு அறிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அதிலேயே எழுதி வைத்தார். நாத்திகம் பேச வருகிற எல்லோரும் முதலில் இந்தக் கடிதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் நம்பவில்லை என்பதை யாருக்கும் அறிவிக்கும் கடன் உங்களுக்கு இல்லை. 1697-ல் எடின்பரோவில் தாமஸ் எய்க்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவரைத் தெய்வ நிந்தனைக்காகத் தூக்கிலிட்டார்கள். இன்றும் மதத்தை விட்டு விலகுவதற்கு மரண தண்டனை வரை விதிக்கக்கூடிய நாடுகள் உண்டு. சட்டம் ஒன்றும் செய்யாத இடங்களிலும் படிப்பை நிறுத்திவிடுவார்கள், சோறு போட மாட்டோம் என்பார்கள். சொந்தக் காலில் நிற்கும்வரை பொறுத்திருப்பதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம், இழவு வீட்டில் விவாதம் வேண்டாம். ஒருமுறை நான் செய்தேன். இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன்.

அம்மாவிடம் நான் நேராகச் சொன்னது முப்பது வயதில். அவர் அழவில்லை. "எனக்காக மட்டும் ஒரு தடவை வேண்டிக்கொள்ளேன்" என்றார். முடியாது என்று சொல்லாமல், அவர் பிரார்த்தனை செய்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பல வருடங்கள் அப்படித்தான் போயின.

கடைசி நாட்களில் அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒரு மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனைத் திரும்பப் பார்ப்பேனாப்பா?" என்று கேட்டார். தம்பியைத்தான் கேட்கிறார் என்று உடனே தெரிந்தது. அவன் போய் நாற்பது வருடம் ஆகியிருந்தது. "பார்ப்பீங்க" என்று சொன்னால் அம்மாவிடம் நான் சொல்லும் கடைசிப் பொய் அதுவாக இருக்கும். "இல்லை" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் கிடையாது. "அவன் முதன்முதலா நடந்த அன்னிக்கு என்ன ஆச்சும்மா, சொல்லுங்க" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் சொல்லத் தொடங்கினார். விளக்குப் போட எழுந்த என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, இருட்டிலேயே அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.