வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறை வந்தால் நாதுலா, ரோத்தாங் என்று இமயமலைப் பக்கம் கிளம்பும் குடும்பங்கள் நம்மூரில் நிறைய. பனிச்சரிவு என்றதும் அவர்களுக்கு நினைவு வருவது நடுக்குளிர்காலப் பனிப்புயல். ஏப்ரல், மே மாதங்களில், மேகமே இல்லாத நல்ல வெயிலிலும் பனி சரியும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில், காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் ஜவாஹர்லால் நேரு சாலையில் பனி சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள். அன்று பயணிகளுக்கு 13-வது மைல் வரைதான் அனுமதி இருந்தது. அதைத் தாண்டி 15-வது மைல் வரை போயிருந்தார்கள் என்று அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். அனுமதிச் சீட்டில் இருக்கும் மைல் கணக்கை நாம் வெறும் கெடுபிடியாக நினைக்கிறோம். ஓட்டுநரிடம் கொஞ்சம் பணம் கூட்டிக் கொடுத்து மேலே போகச் சொல்வதைச் சாமர்த்தியம் என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம்.

வசந்தத்தில் மலையில் நடப்பது இதுதான். குளிர்காலம் முழுக்க விழுந்த பனி அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. பகல் வெயிலில் மேலடுக்கு உருகுகிறது. அந்த நீர் கீழே இறங்கிப் பனித்துகள்களின் பிடிப்பைக் கரைக்கிறது. இறுகிய ஓர் அடுக்கையோ தரையையோ தொட்டால் அங்கே தேங்கி வழுக்கலாகிறது. மேலே இருக்கும் பனி அத்தனையும் நகரத் தொடங்குகிறது. இரவில் குளிர் விழுந்தால் ஈரம் உறைந்து பிடிப்பு மீண்டும் வருகிறது. ஆகவே, காலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "நேற்றிரவு பனி உறைந்ததா?" என்பது. இரவு முழுக்க மேகம் மூடியிருந்தால் வெப்பம் வெளியேறாது, பனி சரியாக உறையாது. அன்றைக்கு விடியற்காலையைக்கூட நான் நம்பமாட்டேன்.

நன்றாக உறைந்த நாளிலும் அந்தப் பாதுகாப்புக்குக் கெடு உண்டு. கிழக்கு பார்த்த சரிவில் வெயில் முதலில் விழும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. அதனால்தான் விவரம் தெரிந்த வழிகாட்டிகள் இருட்டிலேயே கிளம்பி, நண்பகலுக்கு முன் சரிவை விட்டு இறங்கிவிடுகிறார்கள். காலில் தட்டுப்பட்ட கெட்டியான பனி இளகி, பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் புதையத் தொடங்கினால் திரும்பிவிட வேண்டும். பாறைகளை ஒட்டிப் பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு வந்தாலும் அப்படியே. காலடியில் 'தொம்' என்று அமுங்கும் ஓசை கேட்டாலோ விரிசல் ஓடினாலோ யோசனைக்கே இடமில்லை.

பனி பெரும்பாலும் சரிவது 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில். ஆனால் கீழே சமதரையில் நிற்பதால் தப்பித்துவிட்டோம் என்று பொருளல்ல. சரிந்த பனி வந்து சேர்வதே அங்கேதான். வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. புதுப்பனியும் வசந்தத்தில் கொட்டுவதுண்டு. 2021 ஏப்ரலில் உத்தராகண்டின் சும்னாவில் கடும் பனிப்பொழிவை அடுத்துச் சரிந்த பனி சாலைப் பணியாளர் முகாமை மூடியது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

புதைந்தவருக்கு நேரம் மிகக் குறைவு. முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் மிகச் சிலரே. ஈரப்பனி கனமானது, நின்றதும் இறுகிவிடும், கை அசைக்க முடியாது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19-வது மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். அது அபூர்வத்திலும் அபூர்வம். சில நாட்களில் அவரும் மருத்துவமனையில் இறந்தார். அதைச் சொல்லித் தைரியம் கொடுப்பவர்கள் மற்ற ஒன்பது பேரை மறந்துவிடுகிறார்கள்.

ஆக, காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் நிற்பவர்தான். பனிமலையில் ட்ரெக்கிங் போகும் குழுவில் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் வேண்டும்: சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் ட்ரான்ஸீவர், பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி. ட்ரான்ஸீவர் பைக்குள் அணைந்து கிடந்தால் பயனில்லை. உடம்போடு கட்டி, புறப்படும்போதே இயக்கிவிட வேண்டும். கருவி எதுவும் இல்லையென்றால், ஆளைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பனிச்சரிவு நின்றதும், மேலே இன்னொன்று காத்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த இடத்துக்குக் கீழே கையுறை, தடி ஏதாவது தலைகாட்டுகிறதா என்று தேடுங்கள். நீங்களே சிக்கினால் பக்கவாட்டில் விலகப் பாருங்கள். பனி நிற்கப்போகும் தறுவாயில் கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ட்ரெக்கிங் நிறுவனத்திடம் காலை எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள், மண்வாரி எத்தனை கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்று பதில் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள். வணக்கம்.